சுண்டுவிரல் வாசித்த ஆல்பம்

ராக் கிட்டாரின் தலைசிறந்த ஆல்பங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் ஆங்கிலேய கிட்டாரிஸ்ட் ஜெஃப் பெக்கின் ‘பிளோ பை பிளோ’வுக்கு அதில் ஓர் இடம் கிடைத்துவிடும். அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பெயருக்குப் பக்கத்தில் எழுதுகிற இரண்டு வரிதான் உறுத்துகிறது. ஜாஸையும் ராக்கையும் கலந்த ஆல்பம், வேக விரல்களின் சாதனை, அசாத்தியத் தாளங்கள் என்று எழுதிவிட்டு அடுத்த ஆல்பத்துக்குப் போய்விடுகிறார்கள். கற்றுக்கொள்ள நினைக்கிற பையன்களும் அதை நம்பி நேராக அதில் உள்ள ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’ பாட்டின் தொடக்கச் சுர வரிசையில் போய் விழுகிறார்கள். தாளம் தட்டித் தரும் மெட்ரோனோமின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், ஒருநாள் அந்த வேகத்தைப் பிடித்ததும் ஆல்பத்தையே பிடித்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். இவ்வளவு காலமாக இந்த ஆல்பத்தைக் கேட்டுவருகிற எனக்கு இது தப்பான வாசல் என்றே தோன்றுகிறது. வேகம்தான் சமாச்சாரம் என்றால் 1975-இல் அதற்கு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவை நடத்திய கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாக்லின் இருந்தார். அவரோடு ஓடி ஜெயிக்க முடியாது என்பது அன்றைக்குக் கிட்டார் பிடித்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பாட்டு வரி ஒன்றைக்கூடப் பாடகர் பாடாத இந்த ஆல்பம், 1975 மார்ச்சில் வெளிவந்து அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. மெக்லாக்லினின் பெயரையே கேள்விப்படாதவர்களும் இதை வாங்கினார்கள். அவர்கள் ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’னின் ஒன்பது தட்டுத் தாளத்தை எண்ணிப் பார்த்து வாங்கியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

பெக்கின் முந்தைய பத்து வருடத்தைப் பார்த்தால் ஒரே ஒரு பிரச்சினைதான் திரும்பத் திரும்ப வருகிறது: பாடகர். அவர் முதலில் புகழ்பெற்ற யார்ட்பேர்ட்ஸ் குழுவில் கீத் ரெல்ஃப். 1968-இல் ‘ட்ரூத்’ வந்தபோது ராட் ஸ்டுவர்ட். அட்டையில் பெக்கின் பெயர் மட்டும் இருந்ததால் அதைத்தான் முதல் தனி ஆல்பம் என்று வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் ராட் ஸ்டுவர்ட்டின் குரலை எடுத்துவிட்டு அதைக் கேட்டுப் பாருங்கள், பாதி வீடு காலி. அப்புறம் பாபி டென்ச் பாடிய இரண்டாவது ஜெஃப் பெக் குரூப். அப்புறம் டிம் போகர்ட், கார்மைன் அப்பிஸோடு மூவர் அணி. அதில் பாட்டுதான் பலவீனமான கண்ணி என்பது என் எண்ணம். பெக்குக்கோ பாட வராது. 1967-இல் ‘ஹை ஹோ சில்வர் லைனிங்’ பாடி அது பிரிட்டனில் ஹிட்டும் ஆகி, பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பாட்டின் பெயரைக் கேட்டாலே நெளிந்த மனிதர். நல்ல பாடகர் கிடைத்தால் அவர் விலகிப் போகிறார், கிடைக்காவிட்டால் பாட்டு நிற்பதில்லை. 1974-இல் அவர் எடுத்த முடிவு, பாடகரே வேண்டாம் என்பது. அந்தக் காலி இடத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கு ஒன்பது பாட்டுகளில் ஒன்பது விதமாகப் பதில் தேடியிருக்கிறார். சில இடங்களில் தேறவில்லை. ஓர் இடத்தில் அபாரமாகத் தேறியிருக்கிறது.

தயாரிப்பாளராக ஜார்ஜ் மார்ட்டினைப் பிடித்தது தற்செயல் இல்லை. மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ‘அபோகலிப்ஸ்’ ஆல்பத்தை, லண்டன் சிம்ஃபனியையும் உட்கார வைத்து, 1974-இல் தயாரித்தவர் அவர். அது பெக்கின் காதில் விழுந்திருந்தது. அதே குழுவின் டிரம்ஸ் கலைஞர் பில்லி காப்ஹாமின் ‘ஸ்பெக்ட்ரம்’ ஆல்பம் அதற்கு முந்தைய வருடமே அவரை உலுக்கியிருந்தது. அக்டோபரில் லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் இருந்த மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு. கீபோர்டில் மேக்ஸ் மிடில்டன், பேஸில் ஜமைக்காவின் ஃபில் சென், டிரம்ஸில் டிரினிடாடிலிருந்து வந்த, அப்போது இருபதைக்கூடத் தொடாத ரிச்சர்ட் பெய்லி. இந்த மூவரைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. ‘யூ நோ வாட் ஐ மீன்’ பாட்டின் முதல் அரை நிமிடத்தில் கிட்டாரை மறந்துவிட்டு மிடில்டனின் கிளாவினெட் என்ற மின்கீபோர்டை மட்டும் கேளுங்கள். கிட்டாரும் அதுவும் ஒரே சுரப் பரப்பில்தான் உலவுகின்றன, ஆனால் ஒன்று பேசும்போது மற்றது வாயை மூடிக்கொள்கிறது. பெய்லி ஹை-ஹாட்டை (காலால் இயக்கும் ஜோடிச் சிம்பலை) இறுக்கமாக, சின்னதாக வைத்திருக்கிறார். சிம்பல்களைப் போட்டு அடித்து நிரப்புவதில்லை. மெக்லாக்லின் குழுவில் காப்ஹாம் மழை மாதிரி கொட்டுவார். இங்கே டிரம்ஸ் இடம் விடுகிறது. அந்த இடத்தில்தான் கிட்டார் ‘பாட’ முடிகிறது.

மார்ட்டின் செய்த முக்கியமான வேலை நிறுத்தச் சொன்னதுதான் என்று நினைக்கிறேன். வாசித்த சோலோவில் பெக்குக்கு என்றைக்குமே திருப்தி வராது. மறுநாள் வந்து அழித்துவிட்டுத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பார். எல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, ஒரு சோலோவை மறுபடி வாசித்துத் தருகிறேன் என்று பெக் தொலைபேசியில் கேட்டதாகவும், ஆல்பம் கடைக்கே போய்விட்டதப்பா என்று தான் சொல்ல வேண்டியிருந்ததாகவும் மார்ட்டின் சொல்லுவார். சிரிப்புக்காகச் சொல்லப்படுகிற கதை. ஆனால் இந்த ஆல்பத்தில் சில வாசிப்புகள் கொஞ்சம் பிசிறோடு, மூச்சு வாங்குகிற மாதிரி இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது. பெக்கை விட்டிருந்தால் அந்தப் பிசிறெல்லாம் துடைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் பக்கம், முதல் பாட்டு

எல்பி தட்டைத் திருப்பிப் போட்டதும் வருவது ‘காஸ் வீவ் எண்டட் ஆஸ் லவ்வர்ஸ்’. எழுதியவர் ஸ்டீவி வொண்டர். 1972-இல் வொண்டரின் ‘டாக்கிங் புக்’ ஒலிப்பதிவில் பெக் வாசித்ததும், ‘சூப்பர்ஸ்டிஷன்’ அவருக்கு என்று பேசி வைத்திருந்தும் வொண்டரின் பதிவே முதலில் வெளிவந்து உலகம் முழுக்க ஓடியதும் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. அந்தக் கணக்கு நேர் செய்யப்பட்ட மாதிரி இந்த ஆல்பத்துக்கு வொண்டரின் இரண்டு பாட்டுகள் வந்தன. ‘தெலோனியஸ்’ ஒன்று, இது இன்னொன்று. இது ஏற்கெனவே 1974-இல் சிரீட்டா என்ற பாடகி பாடி வெளிவந்த பாட்டு. அதாவது பாடல் வரி உள்ள, ஒரு பெண் குரலுக்காக எழுதப்பட்ட மெட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பெக் என்ன செய்தார் என்பது பளிச்சென்று தெரியும். மெட்டை அப்படியே கிட்டாரில் பெயர்த்து வாசித்தால் அது ஹோட்டல் வரவேற்பறையில் ஓடுகிற இசை மாதிரி ஆகிவிடும். பாட்டு ராகத்தைக் கருவியில் வாசிக்கிற முக்கால்வாசிப் பேர் விழும் குழி இது. குரலில் ஒவ்வொரு சொல்லும் மெய்யெழுத்தோடு தொடங்கும், உயிரெழுத்தில் நீளும், மூச்சில் முடியும். கிட்டாரில் எல்லாச் சுரமும் ஒரே ‘டங்’கோடு தொடங்கி ஒரே மாதிரி தேய்கிறது. அந்த ‘டங்’கை என்ன செய்வது?

பாட்டின் முதல் சில சுரங்களில் அந்த ‘டங்’ இல்லவே இல்லை. ஒலி இல்லாத இடத்திலிருந்து சுரம் மெல்ல எழுகிறது, நிற்கிறது, சாய்கிறது. முதல்முறை கேட்பவர்கள் வயலின் என்றோ கீபோர்டு என்றோ நினைப்பதுண்டு. வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கம்பியைத் தட்டிவிட்டு, தட்டின ஓசை கடந்தபின் சுண்டுவிரலால் குமிழைத் திறப்பதுதான் வித்தை. இதைக் கண்டுபிடித்தவர் பெக் இல்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் கிட்டாரில் இதை அழுகையாகவே மாற்றி வைத்திருந்தவர் அமெரிக்க கிட்டாரிஸ்ட் ராய் புக்கானன். ஆல்பத்தின் அட்டையில் இந்தப் பாட்டு அவருக்குத்தான் சமர்ப்பணம், கூடவே இன்னொரு கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் க்ராப்பருக்கு நன்றி. அந்த ஆல்பம் விற்ற எண்ணிக்கைக்கு அந்த ஒரு வரி புக்கானனுக்கு எவ்வளவு பெரிய விளம்பரம் என்று யோசித்துப் பார்க்கலாம். பெக் கூடுதலாகச் செய்தது அந்த வித்தையைப் பாட்டின் தேவைக்கு அளந்து வைத்தது. தொடக்கத்தில் சுரத்துக்கு ஓசையே இல்லாத பிறப்பு. மெட்டு வந்ததும் பிக்கின் (கம்பியைத் தட்டும் சில்லின்) மெல்லிய தட்டு. நடுவில் குமிழை முழுக்கத் திறந்து கம்பியைக் கிள்ளும் கூர்மையான கீச்சு. பின்னால் ரோட்ஸ் மின்பியானோ நடுங்கிக்கொண்டிருக்க, ஒரே கிட்டார், ஒரே ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் கருவி), நாலைந்து குரல்களில் பேசுகிறது.

வாசித்த கிட்டாரையும் சொல்லியாக வேண்டும். லண்டனில் அப்போது கிட்டார் பழுது பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர் சீமோர் டங்கன், சிதைந்து கிடந்த ஒரு ஃபெண்டர் டெலிகாஸ்டரை எடுத்து, ஒரு பழைய கிப்ஸன் ஃபிளையிங் வி-யிலிருந்து வந்த இரண்டு ஹம்பக்கர் பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக்கும், இரட்டைச் சுருள் கொண்ட கருவிகளை) தன் கையால் திரும்பச் சுற்றி அதில் பொருத்தினார். டெலி-கிப் என்று அதற்குப் பெயர். பெக் அதற்கு ஈடாக யார்ட்பேர்ட்ஸ் காலத்துத் தன் எஸ்குவயர் கிட்டாரைக் கொடுத்தார். டங்கன் பின்னாளில் பிக்கப் நிறுவனம் தொடங்கியதும், ‘ஜேபி’ என்று அதில் அதிகம் விற்கிற பிக்கப்பின் பூர்வீகம் இங்கேதான் இருப்பதும் தனிக்கதை. இந்தக் கலப்பினால் என்ன லாபம்? டெலிகாஸ்டரின் கம்பி நீளம் 648 மில்லிமீட்டர், கிப்ஸனுடையது சுமார் 628. நீளம் கூடினால் அதே சுருதிக்கு இழுவிசை கூடும், தட்டின் முனை தெளிவாக இருக்கும். அதன் மேல் ஹம்பக்கர் வைத்தால் அந்தத் தெளிவு மிஞ்சும், கூடவே ஒற்றைச் சுருள் பிக்கப்பில் வராத தடிப்பும் சேரும். ஒரே சுரம் நீண்டு நிற்க வேண்டிய பாட்டுக்கு இதைவிடத் தோதான சேர்க்கை கிடையாது. கம்பிகளைத் தாங்கும் பாலம் மரத்தோடு இறுக்கி வைத்தது என்பதால், ஒரு கம்பியை இழுக்கும்போது ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மிதக்கும் பாலத்தில் நடப்பது மாதிரி மற்றக் கம்பிகளின் சுருதி இறங்குவதில்லை.

இதை வீட்டில் முயல்கிறவர்களுக்கு முதலில் தகராறு செய்வது குமிழ் இருக்கும் தூரம். டெலிகாஸ்டரில் வால்யூம் குமிழ் ஸ்ட்ராட்டில் இருப்பதைவிடக் கைக்குத் தள்ளி, குமிழ்களைப் பொருத்தும் உலோகத் தட்டின் நடுவில் இருக்கிறது. சுண்டுவிரல் எட்டுவதற்காக மணிக்கட்டைத் திருப்பினால் பிக் கோணம் மாறி, கம்பியைத் தட்டுவதே பிசகும். பலர் அந்தக் கட்டுப்பாட்டுத் தட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டு, குமிழ்களையும் இடம் மாற்றி, வால்யூமைக் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறார்கள். தட்டைக் கழற்ற நாலு திருகாணி வேலைகூட இல்லை, இரண்டே திருகாணி. கம்பிகளை அறுக்காமல் செய்யலாம். கிப்ஸனின் லெஸ் பால் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தை நிஜமாகவே கஷ்டம். குமிழ் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது. அடுத்து, குமிழ் சுழலும் இறுக்கம். குமிழுக்கு அடியில் புதிதாக வாங்கிப் போடும் சில பொட்டென்ஷியோமீட்டர்கள் (மாறு மின்தடைகள்) இறுகலாக இருக்கும், சுண்டுவிரலின் பலத்துக்குத் திரும்பாது, திரும்பினாலும் ஒரே வெட்டாகத் திரும்பும். வாங்கும்போதே விரலால் சுழற்றிப் பார்த்து வாங்குவது நல்லது. கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி, தொடர்புப் பரப்பைத் துடைக்கிற ஸ்ப்ரே இரண்டு பீச்சு பீச்சி இருபது தடவை முழுக்கச் சுழற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அதைவிடப் பெரிய தவறு ஆம்ப்பில் நடக்கிறது. கெயினை, அதாவது ஆம்ப்புக்குள் ஒலி பெருகும் அளவை, ஏகத்துக்கு ஏற்றி வைத்துக்கொண்டு குமிழைத் திறந்தால், முதல் கால் சுற்றிலேயே ஆம்ப் நிரம்பிவிடும். மிச்ச முக்கால் சுற்றில் சத்தம் கூடவே கூடாது. சுரம் எழுவதற்குப் பதில் கதவு திறந்த மாதிரி படீரென்று வந்து நிற்கும். குமிழ் 10-இல் இருக்கும்போது, பலமாகத் தட்டினால் மட்டும் ஒலி லேசாக உடைகிற, அதாவது கரகரக்கிற, அளவுக்குக் கெயினை இறக்க வேண்டும். நீட்சிக்குப் பயந்து யாரும் இதைச் செய்வதில்லை. நீட்சியைக் கெயினிலிருந்து எடுக்காமல், எதிரொலி தரும் டிலே கருவியிலிருந்து கொஞ்சம் எடுக்கலாம். 350 முதல் 400 மில்லிசெகண்டு, கலவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். வால்யூம் பெடல் வைத்துச் செய்தால் ஆகாதா என்று கேட்பார்கள். ஆகும், ஆனால் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து வேறு ஒலி வரும். உடைப்புக்குப் பின்னால் வைத்தால் சத்தம் மட்டும்தான் ஏறும், நிறம் மாறாது. கிட்டாரின் குமிழோ, அல்லது உடைப்புக்கு முன்னால் வைத்த பெடலோ, சத்தத்தோடு சேர்த்து உடைப்பையும் ஏற்றுகிறது. சுத்தமாகத் தொடங்கி, வளர வளர ஓரத்தில் கரகரப்பு சேருகிறது. வாயை மூடிக்கொண்டு முனகத் தொடங்கி மெல்ல வாயைத் திறக்கிற பாடகர் செய்வதும் இதேதான்.

குமிழைக் குறைத்தால் ஒலி மங்கிப்போகிறது என்பது எல்லோரும் சொல்லும் புகார். அதற்குக் காரணம் கேபிள். சாதாரணக் கேபிளில் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மின்தேக்கம் இருக்கும், 6 மீட்டர் கேபிள் என்றால் 600. குமிழ் பாதித் தடையில் நிற்கும்போது அந்தத் தடையும் இந்தத் தேக்கமும் சேர்ந்து ஒரு வடிகட்டியாகிவிடும். 250 கிலோ ஓம் குமிழில் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்கு மேலே தேயத் தொடங்குகிறது. ஹம்பக்கருக்கு வழக்கமாகப் போடும் 500 கிலோ ஓம் குமிழில் அது சுமார் 2,100-க்கே இறங்கிவிடும். கிட்டாரின் கூர்மையெல்லாம் இருப்பது அந்த இடத்தில்தான். 1 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் 150 கிலோ ஓம் ரெசிஸ்டரும் இணையாகச் சேர்த்து, குமிழின் உள்ளீட்டுக் காலுக்கும் வெளியீட்டுக் காலுக்கும் நடுவே பற்ற வைத்தால் கூர்மை தங்கும். கெப்பாசிட்டரை மட்டும் போட்டால் குமிழ் குறையும்போது ஒலி மெலிந்து கொசு மாதிரி ஆகிவிடும், ரெசிஸ்டரையும் சேர்ப்பது அதனால்தான். ஆனால் இந்தப் பாட்டுக்கு இந்தத் திருத்தமே வேண்டாம் என்பது என் கட்சி. குறைந்த சத்தத்தில் மங்கலும் நிறைந்த சத்தத்தில் கூர்மையும் என்பதுதான் இங்கே உயிரெழுத்து மாறுகிற உணர்வைத் தருகிறது. அதைச் சரி செய்துவிட்டால் ‘ஊ’ என்று தொடங்கி ‘ஆ’ என்று விரிகிற சுரம், முதலிலிருந்தே ‘ஆ’ என்று நின்றுவிடும்.

கம்பியை இழுப்பதில் தப்பு நடந்தால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. பாட்டு சி மைனரில், மெதுவான நாலு தட்டில் போகிறது. ஒவ்வொரு இழுப்பும் வெட்டவெளியில் நிற்கிறது. இழுக்க வேண்டிய சுரத்தை முதலில் இரண்டு ஃபிரெட் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டி) தள்ளி நேராக வாசித்துக் காதில் வாங்கிக்கொண்டு, பிறகு கீழிருந்து இழுத்து அங்கே போய்ச் சேர வேண்டும். பழைய ஃபெண்டர் கழுத்துகளின் வளைவு ஆரம் 7.25 அங்குலம், அதாவது நன்றாக உருண்டது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே முழுச்சுர இழுப்பு இழுத்தால் கம்பி அடுத்த ஃபிரெட்டில் உரசிச் சுரம் செத்துவிடும். கம்பி உயரத்தைப் பன்னிரண்டாவதில் 2 மில்லிமீட்டர் அளவுக்கு ஏற்றினால் பெரும்பாலும் தப்பிக்கலாம். பெக் இழுப்பின் உச்சியில் உடனே அதிர்வு கொடுப்பதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சுரம் போய்ச் சேர்ந்து, ஒரு கணம் அசையாமல் நின்று, அதன் பிறகுதான் நடுங்கத் தொடங்குகிறது. போய்ச் சேருவதற்கு முன்பே ஆட்டத் தொடங்குவது சுருதி சேராததை மறைக்கிற தந்திரம், கேட்கிறவருக்கு அது தெரியாமல் போகாது.

மற்ற எட்டுப் பாட்டுகள்

பாடகரின் இடத்துக்குத் தேடிய வேறு பதில்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். முதல் பக்கத்தில் பீட்டில்ஸின் ‘ஷீ இஸ் எ உமன்’ பாட்டை ரெகே நடைக்கு மாற்றி, டாக் பாக்ஸ் போட்டு வாசித்திருக்கிறார். பீட்டில்ஸ் பாட்டைப் பீட்டில்ஸ் தயாரிப்பாளரிடமே கொண்டுபோய் இப்படிக் கலைத்துப் போட ஒரு தைரியம் வேண்டும். டாக் பாக்ஸ் என்பது ஆம்ப்பின் ஒலியைச் சின்ன ஒலிபெருக்கி வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயில் ஏற்றி வாய்க்குள் விடுகிற கருவி. தொண்டையிலிருந்து சத்தம் வர வேண்டாம். சுரத்தைக் கிட்டார் கொடுக்கிறது, வாய் அசைவு அதை உயிரெழுத்துகளாக்குகிறது, முன்னால் இருக்கும் மைக் அதை வாங்குகிறது. குழாயைக் கடைவாய்ப் பல்லில் கடித்துக்கொண்டு, முனை நாக்கில் முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டினால் ஒலி அடைத்துக்கொள்ளும், எச்சிலும் குழாயில் இறங்கும். வாயிலிருந்து வரும் சத்தம் சிறியது என்பதால் மைக் உதட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். மைக்கைத் திறந்து வைத்தால் பக்கத்து டிரம்ஸ் எல்லாம் அதில் வந்து விழும் என்பது மேடையில் பெரிய தலைவலி. அடுத்த வருடம் பீட்டர் ஃப்ராம்ப்டன் இதே கருவியால் உலகப் புகழ் பெற்றார். எனக்கு பெக்கின் இந்த முயற்சி ஒரு வேடிக்கையாகவே நிற்கிறது. கிட்டாருக்கு வாயைக் கடன் கொடுப்பதைவிட, வாய் இல்லாமலே பேச வைத்ததுதான் பெரிய வேலை.

‘ஸ்கேட்டர்பிரெய்ன்’ ஒன்பது தட்டுத் தாளம், கடைசியில் வருகிற ‘டைமண்ட் டஸ்ட்’ ஐந்து. கொன்னக்கோல் பழகியவர்களுக்கு இரண்டும் பயமுறுத்தாது. ஐந்துக்குத் ‘ததிகிணதொம்’ சொல்லிக்கொண்டே ‘டைமண்ட் டஸ்ட்’டைக் கேட்டால் இரண்டாவது சுற்றிலேயே உட்கார்ந்துவிடும். ஒன்பதுக்கும் அப்படிச் சொல்லிப் பார்க்கலாம், ஆனால் ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’னில் அழுத்தம் நம் பழக்கத்துக்கு மாறான இடங்களில் விழும் என்பதால், சொற்கட்டைப் பிடித்துத் தொங்காமல் ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டை மட்டும் காலால் தட்டிக்கொள்வது மேல். இந்த இரண்டு பாட்டுகளிலும் மார்ட்டின் வயலின் கூட்டத்தைச் சேர்த்திருக்கிறார். ‘ஸ்கேட்டர்பிரெய்ன்’னில் அது ஓட்டத்தை இன்னும் முறுக்குகிறது. பெர்னி ஹாலண்ட் எழுதிய ‘டைமண்ட் டஸ்ட்’டில் வயலின்கள் கிட்டாரை மெல்லக் கைப்பற்றிக்கொண்டு ஆல்பத்தையே முடித்து வைக்கின்றன. எட்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் அந்தப் பாட்டைப் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம். ‘ஃப்ரீவே ஜாம்’ மேடையில் இன்னும் நன்றாக வளர்ந்த பாட்டு. ‘கான்ஸ்டிபேட்டட் டக்’ தலைப்புக்காக மட்டும் நினைவில் நிற்கிறது.

எதை எடுத்துக்கொண்டார்கள்

1975-இல் ஆல்பத்தை மேடையேற்ற பெக் அமெரிக்காவில் சுற்றியது மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவோடு. இங்கே தமிழ் வாசகர்களுக்கு ஒரு குறுக்குச் சந்து உண்டு. மெக்லாக்லின் எழுபதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். பெக்கோடு சுற்றிய அதே வருடம் ஜூலையில், எல். சங்கர், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன், ஜாகிர் உசேன் ஆகியோரோடு சக்தி குழுவின் முதல் ஆல்பமாக வெளிவந்த கச்சேரியைப் பதிவு செய்தார். ஒரே மேடைகளில் ஏறிய இரண்டு பேரில் ஒருவர் அடுத்து மின்சாரத்தையே கழற்றி வைத்துவிட்டு கமகத்துக்குப் போனார். இன்னொருவர் மின்சாரத்துக்குள்ளேயே கமகம் மாதிரி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பெக்கின் அந்தத் தேடல் வெளிப்படையாகத் தெரிவது 2001-இல். நிதின் சாஹ்னியின் ‘நாதியா’ பாட்டில் சுவாதி நாடேகர் பாடிய ஹிந்துஸ்தானிக் குரல் வளைவுகளை, ஸ்ட்ராட்டின் பாலத்தை அசைத்துச் சுருதியை வளைக்கும் அசைகம்பியை உள்ளங்கையில் அழுத்தியும் விட்டும் சுரம் சுரமாக வாசித்திருக்கிறார். பாட்டும் தெரியும், குரலும் தெரியும் என்பவர்கள் அதைக் கேட்டுவிட்டு ‘காஸ் வீவ்’வுக்குத் திரும்பி வந்தால், இருபத்தாறு வருட இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பது புரியும்.

பின்னால் வந்த வாசிப்பாளர்கள் இந்த ஆல்பத்திடமிருந்து வாங்கிக்கொண்டது முதலில் ஓர் அனுமதிச் சீட்டு. பாடகர் இல்லாத கிட்டார் ஆல்பம் விற்கும் என்று ரெக்கார்டு நிறுவனங்களுக்கு ஒரு கணக்கு கிடைத்தது. 1987-இல் ஜோ சாட்ரியானியின் ‘சர்ஃபிங் வித் தி ஏலியன்’ 29-ஆம் இடம், 1990-இல் ஸ்டீவ் வையின் ‘பேஷன் அண்ட் வார்ஃபேர்’ 18-ஆம் இடம் என்று போன பாதை இங்கே தொடங்கியதுதான். சாட்ரியானியின் மெதுவான பாட்டுகளைக் கேட்டால் மெட்டை முதலில் வை, வித்தையை அப்புறம் காட்டு என்ற ஒழுங்கு அப்படியே வந்திருப்பது தெரியும். ஆனால் எண்பதுகளில் அவர்களைப் பின்பற்றி வந்த பெருங்கூட்டம் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. அதற்குக் கருவியிலும் ஒரு காரணம் உண்டு. அன்றைக்கு வந்த உயர் கெயின் ஆம்ப்புகளும், கெயினை வாரிக் கொட்டும் பெடல்களும் வால்யூம் குமிழைச் செல்லாக்காசாக்கிவிட்டன. குமிழை 7-க்கு இறக்கினாலும் 10-இல் இருப்பதே கேட்கிற ஆம்ப்பில் சுண்டுவிரலுக்கு வேலை இல்லை. சில கிட்டார்களில் டோன் குமிழையே எடுத்துவிட்டு வால்யூமையும் கைக்கு எட்டாத மூலைக்குத் தள்ளினார்கள், வாசிக்கும்போது இடறுகிறதாம்.

பெக்கே அந்த வருடங்களில் எதிர்த் திசையில் போனார். எண்பதுகளில் பிக்கைத் தூக்கி எறிந்தார். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கம்பியில், சுண்டுவிரல் ஸ்ட்ராட்டின் வால்யூமில், அசைகம்பி உள்ளங்கைக்குள். 1989-இன் ‘வேர் வேர் யூ’ பாட்டில் பல்கேரியப் பெண்கள் பாடல்குழுவைக் கேட்ட பாதிப்பில், ஹார்மானிக்ஸை (கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் மேல்சுரங்களை) அசைகம்பியால் சுரம் சுரமாக வளைத்து ஒரு முழு மெட்டையே வாசித்திருக்கிறார். அதை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் தடை சுருதிதான். அசைகம்பிக்கு ஃபிரெட் கிடையாது, காது ஒன்றுதான் ஃபிரெட்.

அவர் 2023 ஜனவரி 10-ஆம் தேதி, 78 வயதில் மூளையுறைத் தொற்றில் இறந்தார். இரண்டு வருடம் கழித்து கிறிஸ்டீஸ் நிறுவனம் லண்டனில் அவருடைய கிட்டார்களை ஏலம் விட்டது. ‘பிளோ பை பிளோ’ அட்டை ஓவியத்தில் அவர் கையில் இருக்கிற, ஆக்ஸ்பிளட் என்று பெயர் பெற்ற 1954 லெஸ் பால் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அட்டையில் இருப்பதற்குத்தான் விலை.

இந்த ஆல்பத்துக்குள் நுழைய விரும்புகிறவர்களுக்கு, 2007 நவம்பரில் லண்டன் ரானி ஸ்காட்ஸ் கிளப்பில் வாசித்த ‘காஸ் வீவ்’ பதிவிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன். வின்னி கொலாயுட்டா டிரம்ஸ், ஜேசன் ரெபெல்லோ கீபோர்டு, இருபது வயது டால் வில்கன்ஃபெல்ட் பேஸ். மெட்டை ஒருமுறை சொல்லிவிட்டு பெக் ஒதுங்கி நிற்க, பேஸ் கிட்டார் முதல் சோலோவை எடுக்கிறது. வில்கன்ஃபெல்ட் அவசரப்படவே இல்லை. ஒரு வாக்கியம், மூச்சு, இன்னொரு வாக்கியம். வாக்கியங்களின் கடைசிச் சுரத்தை இழுத்து, நிறுத்தி, பிறகுதான் நடுங்கவிடுகிறார். அது முடிந்து பெக் திரும்ப நுழையும்போது படத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் வலது கையை மட்டும் பாருங்கள். உரத்த உச்சத்திலிருந்து ஒரே சுரத்துக்குள் கிசுகிசுப்புக்கு இறங்குவதற்கு அவர் எந்தப் பெடலையும் மிதிக்கவில்லை.